வயித்துக்குத்துக் குளிசை: பக்கத்து வீட்டார் கைநூல்

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் ஒருவருக்கு வயித்துக்குத்து வந்தால் முதலில் செய்ய வேண்டியது, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி அனுங்குவது. கிடுகு வேலியோ மதிலோ, சத்தம் கடந்துவிட்டால் வைத்தியம் தானாக நடந்து வரும்.

"என்ன பிள்ளை, குத்துதோ? இந்தா, போன மாசம் எங்கட இவருக்கு எழுதினதில மூண்டு மிச்சம் கிடக்கு. ஒண்டைப் போடு, பறந்திடும்."

நீட்டிய கையில் சின்ன வெள்ளைக் குளிசை. அதன் பெயரைக் கேட்கக் கூடாது. கேட்டால் மாமி கோவிப்பா. அடுத்த முறை முருங்கைக்காய்கூட வராது.

கேட்டாலும் அவவுக்குத் தெரிந்திருக்காது. பாமசியில் அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டாக்கும்போது பெயரின் தலை ஒரு துண்டோடும் வால் இன்னொன்றோடும் போய்விடும். காலாவதித் திகதி அநேகமாகக் கடையிலேயே தங்கிவிடும். கடுதாசி உறையில் பேனையால் கிறுக்கிய ஒரு இலக்கம் மட்டும் வீட்டுக்கு வரும். அந்த உறையும் பிறகு பால்காரன் கணக்கு எழுதப் போய்விடும். இந்த நிலையில்தான் குளிசை பாவனைக்கு முழுத் தகுதி பெறுகிறது.

ஆவல் அடங்காதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அது பெரும்பாலும் ஹயோசின் பியூட்டைல்புரோமைட். ஊரறிந்த வியாபாரப் பெயர் பஸ்கோபான். 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் போஹ்ரிங்கர் இங்கல்ஹைம் கம்பனி சந்தைக்கு விட்டது. குடல், பித்தக்குழாய், சலக்குழாய் முதலியவற்றின் தசை இறுகிப் பிடிக்கும்போது, இறுகச் சொல்லும் நரம்புச் செய்தியை இது மறிக்கிறது. பிடிப்பு விட, வலி விடும். பிடிப்பால் வராத வலிக்கு இதனிடம் பதில் இல்லை. இந்தக் கடைசி வசனத்தைக் கைநூலைப் பின்பற்றுவோர் உடனே மறந்துவிட வேண்டும்.

யாராவது பக்கவிளைவு என்று இழுத்தால் பதில் தயாராக இருக்கட்டும்: "இது மரத்திலயிருந்து எடுக்கிறது, ஒண்டும் செய்யாது." முதற்பாதி உண்மைதான். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டுபோய்சியா என்ற மரத்தைத் தோட்டமாகவே வைத்து, இலையிலிருந்து மூலப்பொருளை எடுக்கிறார்கள். அந்த மரம் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தது. அச்சுவேலிச் செம்மண்ணில் வெங்காயத்தையும் வாழையையும் விட்டால் மிச்சம் பாதி அதன் சொந்தக்காரர்தான். ஒழுங்கைக் கரையில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும் ஊமத்தையும் அதே குடும்பம். அதன் விதையிலும் ஹயோசின் உண்டு, அற்றோப்பினும் உண்டு. தின்றவருக்கு வாய் காய்ந்து, கண்மணி விரிந்து, இல்லாத ஆட்களோடு கதை நடக்கும், உயிரும் போகலாம். குளிசையில் உள்ள ஹயோசினுக்கு வேதியியலாளர் ஒரு வால் ஒட்டிவிட்டதால் அது மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. ஊமத்தைக்கு அப்படி ஒருவரும் கடிவாளம் போடவில்லை. மரத்திலிருந்து வருவது ஒன்றும் செய்யாது என்பவரிடம் ஒரு ஊமத்தங்காயைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுத வந்தேன். வேண்டாம், எங்களில் யாராவது உண்மையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, குளிசையை யாருக்குக் கொடுப்பது. ராத்திரி நாலு தரம் எழும்பி, கிணற்றடியில் நெடுநேரம் நின்று, சொட்டுச் சொட்டாகச் சலம் போகும் அப்புவே மிகப் பொருத்தமானவர். புரொஸ்டேட் வீங்கியிருக்கும் அவருக்கு இதைக் கொடுத்தால் மிச்சச் சொட்டும் நின்று, அடிவயிறு பந்தாகி, குழாய் போட வைத்தியசாலைக்குப் போகலாம். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் குளுக்கோமாக்கார ஆச்சியையும் விட்டுவிடக் கூடாது. குளிசை போட்ட பிறகு கண் சிவந்து நொந்து பார்வை மங்கினால் தூசி விழுந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம், பார்வை போகும்வரை. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோய் உள்ளவருக்கும், குடல் அடைப்பு உள்ளவருக்கும் கொடுக்கவே கூடாது என்று குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கும். எங்களுக்குப் பெட்டியே வருவதில்லையே.

நாலு நாளாக வெளிக்குப் போகாததால் வயிறு நோகிறவருக்கு இது தனி விசேடம்: குடல் இன்னும் சோம்பும். தடிமனுக்குப் பிரிட்டனும், நரம்பு நோவுக்கு அமிட்ரிப்டிலினும் போடுகிறவர் இதையும் சேர்த்தால் வாய் ஓட்டுத்துண்டாகக் காயும், நெஞ்சு படபடக்கும். சத்திக்கென்று டொம்பெரிடோன் போட்டுக்கொண்டு இதையும் போடுவது இன்னொரு நல்ல முறை. ஒன்று குடலைத் தள்ளும், மற்றது பிடித்து நிறுத்தும். நடுவில் நிற்பவர் இரண்டுக்கும் காசு கொடுப்பார். சித்திரை வெயிலில் வெங்காயம் கிண்டப் போகும் நாளும் உகந்ததே. வேர்வை குறையும், உடம்புச் சூடு ஏறும்.

எப்போது கொடுப்பது? யோசிக்க நேரம் விடாமல், உடனே. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் சத்தியும் சேரும் வலி குடல்வளரி அழற்சியாக இருக்கலாம். குளிசை கொடுத்து ராத்திரியைக் கடத்தினால், விடியும்போது அது வெடித்திருக்கவும் கூடும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணின் ஒருபக்க அடிவயிற்று வலி, கரு குழாயில் தங்கியதாலும் வரலாம். அதையும் "சூடு" என்று முடித்துவிடலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது வாயு. சீனி வருத்தக்காரர் ஒருவர் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேர்க்க வேர்க்க இருந்தால், எங்கள் ஊரில் அது வாயு. முதலில் வேர்க்கொம்புக் கோப்பி, பிறகு ஓமத்தண்ணி, பிறகு மாமியின் குளிசை. மூன்றும் முடிய ஒரு மணித்தியாலம் போகும். மாரடைப்பில் இதயத் தசை சாவதற்கு அந்த ஒரு மணித்தியாலம் நிறையப் போதும். ஹயோசின் நெஞ்சுத் துடிப்பையும் கூட்டக்கூடியது. இதன் ஊசி வடிவத்தை இதய நோயாளருக்கு மிகக் கவனமாகவே ஏற்ற வேண்டும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் வைத்தியர்களை எச்சரித்தது. ஆகவே வைத்தியரிடம் போய் உட்கார்ந்ததும், "டொக்டர், குளிசை வேண்டாம், ஊசி ஒண்டு போட்டு விடுங்கோ" என்று நீங்களே கட்டளையிடுங்கள். இதய வருத்தம் இருப்பதைச் சொல்ல வேண்டாம். அவர் படித்தவர், கண்டுபிடிக்கட்டும்.

வெளிநாட்டுச் சூட்கேசைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கைநூல் நிறைவடையாது. ஜேர்மனியில் இருந்து வரும் சித்தப்பா சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் பஸ்கோபான் பிளஸ் கொண்டு வருவார். அந்தப் 'பிளஸ்' என்பது 500 மில்லிகிராம் பரசிற்றமோல், அதாவது எங்கள் பனடோல். தாள் ஜேர்மன் மொழியில் இருப்பதால் ஒருவரும் வாசிக்கப் போவதில்லை. இரண்டு 'பிளஸ்' போட்டு, கேட்காவிட்டால் மேலே இரண்டு பனடோல் போட்டால் ஒரே தடவையில் 2000 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்சவரம்பே 4000. ஈரல் உடனே முறைப்பாடு செய்யாது. ஓரிரு நாள் பொறுத்துத்தான் செய்யும்.

ஒரே மருந்தை இரண்டு வியாபாரப் பெயரில் இரண்டு மருந்தென்று நம்பி விழுங்குவதும் எங்கள் கைவந்த கலை. மருந்துகளை வியாபாரப் பெயரால் அல்லாமல் மூலப் பெயரால் வாங்கி, எழுதி, கொடுக்க வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே போராடினார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அந்தப் போராட்டத்தில் பிறந்தது. உலக சுகாதார அமைப்பு வரை போன யோசனை அது. எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. இங்கே மூலப் பெயர் "அந்த வெள்ளைக் குளிசை".

இந்தக் கைநூல்படி நடக்கத் துணிவில்லாத சில கோழைகளும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பாமசிக்காரரிடம் உறையில் மருந்தின் மூலப் பெயர், மில்லிகிராம், திகதி மூன்றையும் எழுதித் தரச் சொல்லி நின்று வாங்குவார்கள். தாங்கள் போடும் மற்றக் குளிசைகளைக் காட்டுவார்கள். பெரியவருக்கு 10 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை என்று கணக்கு வைப்பார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கவே மாட்டார்கள். பன்னிரண்டுக்கு உட்பட்டவருக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்ட பிறகுதான். வாய் கொஞ்சம் காய்ந்தால் தண்ணீர் குடிப்பார்கள். பார்வை மங்கினால் மோட்டார் சைக்கிளை எடுக்க மாட்டார்கள். சலம் அடைத்தாலோ, கண் சிவந்து நொந்தாலோ, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ அச்சுவேலி வைத்தியசாலைக்கு ஓடுவார்கள்.

காய்ச்சல், விடாத சத்தி, மலத்தில் இரத்தம், மயக்கம், கல்லாக இறுகிய வயிறு, நெஞ்சுக்கோ கைக்கோ ஏறும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர்கள் மாமியைக் கூப்பிடுவதில்லை, 1990ஐக் கூப்பிடுகிறார்கள். அந்த அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு 2018இல் வந்தது. காசு வாங்குவதில்லை.