ஆதார் எண் இலவசம், அள்ளிக்கொள்க!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லாம்பட்டியில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் தேய்க்கும் கைக்குக் கூலி உயர்ந்ததா என்று கேட்காதீர்கள், அது வேறு வயிற்றெரிச்சல். என் கேள்வி, அந்தத் தொழிலாளியின் ஆதார் எண்ணை அரசு எந்தப் பூட்டில் வைத்திருக்கிறது என்பதுதான்.

பூட்டா? கதவே கிடையாது. இணையதளத்தை நடத்தும் அப்பாச்சி சர்வரில் ஒரு ஃபோல்டருக்கு முகப்புப் பக்கம் வைக்க மறந்து, பட்டியல் காட்டும் வசதியையும் அணைக்காமல் விட்டால், அதிலுள்ள கோப்பெல்லாம் தேதி, அளவோடு திரையில் வரிசையாக வந்து நிற்கும். மேலே ‘இண்டெக்ஸ் ஆஃப்’ என்று தலைப்பு, கீழே பயனாளிகள் எக்செல், ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு, பழைய பேக்கப். கடவுச்சொல்லும் வேண்டாம், களவும் வேண்டாம். கூகுளே வந்து பார்த்துவிட்டுப் போய் ஊருக்கெல்லாம் சொல்லும்.

எண்கள் வெளியே கொட்டுவது புதிதல்ல. 2017 மே மாதம், முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலை உள்ளிட்ட நான்கு அரசுத் தளங்களிலிருந்து சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியாகியிருக்கலாம் என்று பெங்களூரு சிஐஎஸ் ஆய்வு மையம் எழுதியது. ஆதார் ஆணையம் என்ன செய்தது? ஹேக்கிங் இல்லாமல் இந்த விவரம் கிடைத்திருக்காது, அது தண்டனைக்குரிய குற்றம் என்று அந்த மையத்துக்கே கடிதம் போட்டது. கொட்டிக் கிடக்கிறது என்று சொன்னவன் திருடன், கொட்டியவர் ஐயா!

அதே ஆண்டு, ஆர்டிஐ கேள்விக்கு அதே ஆணையம் வாய் திறந்தது. மத்திய, மாநில அரசுத் தளங்கள் சுமார் 210, பயனாளிகளின் பெயர், முகவரி, ஆதார் எண்ணைப் பொதுவில் போட்டிருந்தனவாம். ஆனால் ‘எங்கள் தரவுத்தளத்திலிருந்து எதுவும் கசியவில்லை’யாம். அடடா! 210 ஓட்டைகள் இருந்தும் பானை கெட்டி. 2018 ஜனவரியில், 500 ரூபாய்க்கு ஆதார் விவரம் விற்கிறார்கள் என்று எழுதிய ‘தி டிரிப்யூன்’ நிருபரின் பெயரும் எஃப்ஐஆரில் ஏறியது.

நம் மாநிலத்துக்கும் குறையில்லை. 2021-ல் தமிழ்நாடு பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 49 லட்சம் பேரின் விவரம், ஆதார் எண்ணோடு ஹேக்கர்களின் இணைய மன்றத்தில் கிடப்பதாக டெக்னிசாங்க்ட் நிறுவனம் கண்டறிந்தது. எப்படிப் போனதோ, போனது போனதுதான். செல்போன் எண்ணை மாற்றலாம், ஆதார் எண்ணை வேடசந்தூர்ப் பாட்டி எங்கே போய் மாற்றுவாள்? ரேஷன் கடையில் ரேகை விழாவிட்டால் மட்டும் ‘நீ நீதானா?’ என்று அவளை நிற்கவைத்துக் கேட்பார்கள்.

ஃபோல்டர் திறந்து கிடப்பதை நிறுத்த, அப்பாச்சி அமைப்புக் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் -இண்டெக்ஸஸ்’ என்று ஒரு வரி போதும். அதில் டெண்டர் இல்லை, கமிஷன் இல்லை, திறப்பு விழா இல்லை. பிறகு யார் செய்வார்கள்?

அரசு அலுவலகக் கணினிப் பிரிவில் இருந்து இதைப் படிக்கிறவரே, உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு பிடிஎஃப் முகவரியை எடுத்து, கடைசியில் உள்ள கோப்புப் பெயரை அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். பட்டியல் வந்தால், என்மேல் வழக்குப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைச் சேருங்கள்.