முதலாளியைக் காணவில்லை

2025 ஆகஸ்ட் 13ஆம் தேதி நள்ளிரவில் சென்னையில் ஒரு நடைபாதை மீட்கப்பட்டது. இந்த ஊரின் நடைபாதை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள். டிரான்ஸ்பார்மர், இஸ்திரி வண்டி, பிரியாணி அண்டா, கொடிமேடை, இரண்டு வரிசை பைக், இவையெல்லாம் போக மிச்சம் இருந்தால் மனிதக் கால் வைத்துக்கொள்ளலாம் என்பது இங்கே எழுதாத சட்டம். அப்படிப்பட்ட ஊரில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உள்ள நடைபாதை மட்டும் ஒரே இரவில் துடைத்து எடுக்கப்பட்டது. துடைக்கப்பட்டது குப்பை அல்ல, குப்பை அள்ளுகிறவர்கள்.

ஆகஸ்ட் 1 முதல் பதின்மூன்று நாட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் அந்தத் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். அனுமதித்த இடத்தில்தான் போராட வேண்டும் என்றது நீதிமன்றம். பகலில் உத்தரவு, இரவுக்குள் அமல். அரசு இயந்திரம் மெதுவாக நகரும் என்று எவன் சொன்னது? அதே ஆண்டு ஜனவரியில், பொது இடங்களில் நட்டிருக்கும் கட்சிக் கொடிக் கம்பங்களை 12 வாரத்துக்குள் அகற்றச் சொன்னது மதுரைக் கிளை. அதற்கு மேல்முறையீடு, அவகாசம், அவகாசத்துக்கு மேல் அவகாசம். கம்பத்துக்கு வேர் உண்டு, வேருக்குக் கட்சி உண்டு. வேலைக்காக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன உண்டு? நான்கு போலீசார் கையையும் காலையும் பிடித்தால் பேருந்தில் ஏற்றிவிடலாம். நூற்றுக்கணக்கானவர்களை அப்படித்தான் ஏற்றினார்கள். உடன் நின்ற வழக்கறிஞர்களையும் விடவில்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டார்கள்? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில், அதாவது 5, 6ஆம் மண்டலங்களில், குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அங்கே வேலை செய்தவர்கள் சுமார் 2,000 பேர். பலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே தெருக்களைக் கூட்டியவர்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய எங்களுக்கு நிறுவனத்திடம் போனால் 17,000கூட வராது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. தனியாரிடம் தள்ளாதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். ஒருவருக்கும் வேலை போகாது, வைப்பு நிதி உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு என்று மாநகராட்சி பட்டியல் படித்தது. குறைகிற ஆறாயிரம் ரூபாய் யார் பைக்குப் போகும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

இதில் பெரிய மர்மம் ஒன்று இருக்கிறது. இவர்களுடைய முதலாளி யார்? எந்தத் தெருவைக் கூட்ட வேண்டும் என்று சொன்னது மாநகராட்சி. வருகைப் பதிவு எடுத்தது மாநகராட்சி. தாமதமாக வந்தால் திட்டியதும் மாநகராட்சிதான். ஆனால் வேலைக்கு வைத்தது மாநகராட்சி இல்லையாம். அவர்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த சுய உதவிக் குழுவினராம்! விடியற்காலையில் எழுந்துபோய் அடுத்தவர் வீட்டு அழுகல் சோற்றையும் நாப்கினையும் வெறும் கையால் பிரித்தெடுக்கும் பெண், தனக்குத்தானே உதவிக்கொண்டிருக்கிறாள். மாநகராட்சி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது, அவ்வளவே.

24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. 480 நாள் என்றால் ஒன்றரை ஆண்டுக்கும் கொஞ்சம் குறைவு. இவர்கள் அதைப் பல மடங்கு தாண்டிவிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு முதலில் முதலாளி என்று ஒருவர் வேண்டுமே! அவரைத்தான் காணவில்லை.

2015 பெருவெள்ளத்தில் செத்த மாடும் சேறுமாகக் கிடந்த தெருவுக்கு இவர்களை இறக்கியபோது இந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை. 2020இல் கொரோனா வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டு உள்ளிருந்து வரும் குப்பையை எடுக்கச் சொன்னபோதும் வரவில்லை. அன்றைக்கு ஊரே மாலை போட்டது, கை தட்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இவர்கள்தான். ஆபத்து வந்தால் இவர்கள் நம்ம ஆட்கள், சம்பளம் கேட்டால் அயலார்.

இந்த மாநகராட்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1688இல் தொடங்கிய, நாட்டிலேயே மூத்த மாநகராட்சி இது. 1973இல் மாமன்றத்தைக் கலைத்தார்கள். மஸ்டர் ரோல் ஊழல் என்றார்கள். இல்லாத ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பெயர்களுக்குக் கூலி போட்டு எடுத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் பிறகு 1996 வரை மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அன்று இல்லாத தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்த அதே அலுவலகம், ஐம்பது ஆண்டில் திருந்தி, கண்ணெதிரே இருக்கும் தொழிலாளியை இல்லை என்று சொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டது. நேர்மை என்றால் இதுவல்லவோ நேர்மை.

2016லிருந்து 2022 வரையும் இந்த ஊருக்கு மாமன்றம் கிடையாது. யாருக்காவது மாமன்றம் இல்லாத குறை தெரிந்ததா? குப்பை தினமும் போனது, அதனால் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் கவுன்சிலர்கள் இருந்தார்கள், குப்பை அள்ளுகிறவர்கள் மட்டும் வரவில்லை. இரண்டு மண்டலங்கள் நாற ஆரம்பித்துவிட்டன. இந்த ஊருக்கு யார் அவசியம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது. தேர்தலில் வென்ற 200 கவுன்சிலர்களில் அன்றைய ஆளும் கட்சியினர் மட்டும் 153 பேர். வாக்குக் கேட்டு வந்தபோது இதே பெண்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள். மாளிகைக்குள் போகும்போது போராட்டப் பந்தலைக் கடந்துதான் போக வேண்டும். காரின் கண்ணாடி கறுப்பாக இருப்பதில் இப்படி ஒரு வசதி.

தனியாருக்குக் கொடுத்த மண்டலத்தின் பெயரைக் கவனித்தீர்களா? திரு.வி.க. நகர். 1918இல் பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர் திரு.வி.க. அவர் பெயரில் இருக்கும் மண்டலத்தில்தான் தொழிலாளிக்கு முதலாளி இல்லை என்கிறார்கள். நாட்டிலேயே முதன்முதலாக 1923இல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் இதே மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். மெரினாவில் பாறையை நெம்பும் நாலு பேருக்கு 1959இல் சிலை வைத்தார்கள். உழைப்பாளர் சிலை. இந்த அரசுகளுக்கு உழைப்பாளியைப் பிடிக்கும்தான், வெண்கலத்தில் இருந்தால். வெண்கலம் சங்கம் வைக்காது.

தனியார்மயம் என்னவோ நேற்று வந்த பூதம் என்று அன்றைய எதிர்க்கட்சி கண்ணீர் விட்டதை நம்பிவிட வேண்டாம். 2000இல் ஓனிக்ஸ் நிறுவனம் வந்தது. அப்போது மேயர் மு.க. ஸ்டாலின். பிறகு நீல் மெட்டல் பனால்கா, பிறகு ராம்கி. 2020இல் எடப்பாடி பழனிசாமியின் ஆட்சியில் ஏழு மண்டலங்கள் உர்பேசர் சுமீத்துக்குப் போயின. லாரியின் நிறம் மாறும், சட்டையின் நிறம் மாறும். துடைப்பம் பிடிக்கும் கையும் அந்தக் கையின் சாதியும் மட்டும் மாறியதில்லை. ஐந்து, ஆறாம் மண்டலங்களை எடுத்த நிறுவனத்தின் பெயர் டெல்லி எம்.எஸ்.டபிள்யூ. சொல்யூஷன்ஸ். பெயரில் டெல்லி, தாய் நிறுவனம் ஐதராபாத்தின் ராம்கி. டெல்லியின் கட்டுப்பாட்டுக்குள் தமிழ்நாடு ஒருநாளும் வராது என்று 2025 ஏப்ரலில் பொன்னேரியில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் முழங்கினார். ராயபுரத்துக் குப்பைத் தொட்டி அந்த முழக்கத்தில் சேர்த்தி இல்லை போலும்.

ஸ்டாலினுக்கு இந்த விவகாரம் புதிதும் அல்ல. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, 2021 ஜனவரியில், இதே வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வேலை செய்த தூய்மைப் பணியாளர்களுக்காக அன்றைய முதல்வருக்குக் கடிதம் எழுதியவர் அவர். கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் வாக்குறுதி இருந்தது. தொழிலாளர்கள் அதை எண் சொல்லிக் காட்டினார்கள்: 285. எழுதியவர்களுக்கு மறந்துபோன எண், எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது.

ஆகஸ்ட் 13 அன்று துணை முதல்வருக்கும் வேலை இருந்தது. மறுநாள் வெளியாகவிருந்த ரஜினிகாந்த் படத்தை முன்னதாகவே பார்த்துவிட்டதாகப் பாராட்டுப் பதிவு போட்டார். படத்தின் பெயர் 'கூலி'. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், ரொம்ப செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டியிருப்பார்.

பொழுது விடிந்தது. கைதானவர்கள் அங்கங்கே அடைபட்டுக் கிடக்கும்போதே அமைச்சரவை கூடி, அவர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. தொழில் சார்ந்த நோய்க்குச் சிகிச்சை, காப்பீடு, சுயதொழில் தொடங்கக் கடனில் மானியம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 30,000 வீடுகள், இவற்றோடு இலவசக் காலை உணவு! பணி நிரந்தரம் கேட்ட வாயில் இட்லி. நவம்பரில் விழா எடுத்து அதைத் தொடங்கியும் வைத்தார்கள்.

பசித்தவருக்குச் சோறு போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒழுங்கான சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு அவள் வீட்டு அடுப்பில் இட்லி ஊற்றத் தெரியும். தலைமைச் செயலகத்து உதவியாளருக்கும் வட்டாட்சியருக்கும் காலையில் டிபன் பொட்டலம் கொடுக்கிறோம், அகவிலைப்படியை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கட்டுமே. கோட்டைக் கதவு பெயர்ந்துவிடும். உரிமை கேட்கிறவரை வரிசையில் நிற்கவைத்து, கையில் தட்டைக் கொடுத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் கேட்டவர் பயனாளியாகிவிடுகிறார். பயனாளி நன்றி சொல்ல வேண்டியவர், கோஷம் போடலாமா?

பந்தலுக்குத் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள், படம் எடுத்தார்கள். அவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏழு மண்டலத்தைத் தாரைவார்த்த கட்சி, தொழிலாளர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றது. த.வெ.க. தலைவர் விஜய் போராட்டக்காரர்களைப் பனையூர் அலுவலகத்துக்கு வரவழைத்துச் சந்தித்தார். போராட்டத்தின் களத்துக்குத் தலைவர் போவது பழைய மரபு, களமே தலைவரின் வரவேற்பறைக்கு வருவது புதுமை.

ஆளும் கூட்டணியில் இருந்த திருமாவளவன் சொன்னதை மட்டும் இந்தக் கேலியில் சேர்க்க மாட்டேன். குப்பை அள்ளுகிறவரே காலமெல்லாம் அள்ளட்டும் என்பதா பணி நிரந்தரம், அவர்களை இந்தத் தொழிலிலிருந்து மீட்பதல்லவா சமூகநீதி என்பது அவர் வாதத்தின் சாரம். தொழிலைச் சாதியோடு கட்டிப்போட்ட கொடுமையை அறிந்தவரின் கேள்வி அது. ஆனால் அந்தக் கேள்வியை நடுராத்திரியில் தூக்கிச் செல்லப்பட்டவளிடம் கேட்டு என்ன பயன்? நிரந்தரம் மறுக்கப்பட்டதால் ஒருத்தியும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கணினி முன் உட்காரவில்லை. அதே துடைப்பம், அதே தெரு, சம்பளம் மட்டும் குறைவு. நிரந்தரச் சம்பளம் வாங்கிய தாயின் பிள்ளைதான் கல்லூரிக் கட்டணம் கட்டி இந்தத் தொழிலைவிட்டு வெளியே போகும். தாயை ஒப்பந்தக் கூலியாக்கினால் பிள்ளையும் அதே வண்டியைத்தான் தள்ளும். கூட்டணித் தலைவர் இதை மாளிகைக்குள் இருப்பவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக நாம். மொட்டைமாடியில் செடி வளர்த்து, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று வாட்ஸ்அப்பில் வகுப்பெடுத்து, பிரிக்காமலே பையைக் கட்டித் தெருவில் வைக்கும் நாம். அந்தப் பதின்மூன்று நாட்களில் நம் குடியிருப்போர் குழுக்களில் அதிகம் ஓடிய கேள்வி, இன்றைக்கு வண்டி வருமா என்பதுதான். வண்டி தள்ளுகிறவர் எந்த மண்டபத்தில் அடைபட்டிருக்கிறார் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பொங்கலுக்கு நூறு ரூபாய் கொடுத்ததோடு நம் சமூகநீதி கணக்கு முடிந்துவிடுகிறது. மாநகராட்சிக்கு இப்படிப்பட்ட குடிமக்கள்தான் வசதி.

சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அந்தத் தொழிலாளிக்கு ஒரு வகையில் முதலாளிதான். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஏரியா சபை என்று ஒன்று உங்கள் வார்டில் இருக்க வேண்டும், 2022இல் அதற்கு விதிகளே வந்துவிட்டன. அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போய், தெருவிளக்கு, பள்ளம், நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: எங்கள் தெருவைக் கூட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அவருடைய முதலாளி யார், ஒப்பந்தத்தின் நகல் எங்கே? வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தாளில் வாங்குங்கள்.