இரவுச் சந்தை: கொழும்பு மாநகர சபைக்கு ஒரு விளக்கக் குறிப்பு

கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம்,
கொழும்பு 7.

விடயம்: இரவுச் சந்தை எனப்படும் பொருளின் இயல்பு, இருப்பிடம், பராமரிப்பு

கனம் சபையோருக்கு,

இரவுச் சந்தை என்பது பொழுது சாய்ந்தபின் சனம் தானாகக் கூடி, நின்றபடி தின்று, விலை குறைத்துக் கேட்டு, தேவையில்லாத ஒன்றையாவது வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் இடம். வெளிச்சமும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியும் வீட்டுக்குப் போக அவசரமில்லாத மனிதர்களும் இருந்தால் அது உண்டாகிவிடும். நாடா வெட்டுதல், நினைவுக்கல், பிரதம அதிதி ஆகியவை பிற்காலச் சேர்க்கைகள். அவை இல்லாத இடத்திலும் வியாபாரம் நடப்பது காணப்பட்டுள்ளது.

கொழும்பில் அப்படியொரு சந்தை இல்லை, சுற்றுலாப் பயணி இரவானால் ஹோட்டல் அறையில் தொலைக்காட்சி பார்க்கிறார் என்பது அதிகார வட்டாரங்களில் பழகிப்போன முறைப்பாடு. இருக்கும் சந்தைகள் கோவைகளில் இல்லாததே இந்த முறைப்பாட்டுக்குக் காரணம். அக்குறையை நீக்கவே இவ்விளக்கம் தரப்படுகிறது.

இந்நகரின் பழைய இரவுச் சந்தைகளுள் ஒன்று தேருக்குப் பின்னால் நடந்து வந்தது. 1870களில் காலரா அச்சத்தால் கதிர்காம யாத்திரைக்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்த காலத்தில், கொழும்பிலேயே ஆடிவேல் விழா வளர்ந்தது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் காலிமுகத்திடலைக் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும். அங்கிருந்து வெள்ளவத்தைப் பக்கமாக வீதியோரத்தில் கொட்டில்கள் முளைக்கும்: கரும்பு, பூந்தி, தொதல், மஸ்கட், கண்ணாடி வளையல், தகர ஊதுகுழல். தேர் முருகனுடையது, கொட்டில்கள் எல்லோருடையதும். சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். வேல் என்றால் கரும்பு விற்கும் நாள் என்றே எண்ணி வளர்ந்த கொழும்புப் பிள்ளைகள் பலர்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் தேர் சில காலம் ஓடவில்லை. பிறகு ஓடியது, சந்தை பழைய அளவில் திரும்பவில்லை. ஒரு வீதியில் கடைகள் எரிந்தால், அதே வீதியில் இரவு ஒன்பது மணிக்கு நின்று வளையல் அளவு பார்க்கும் மனநிலை எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதற்கு எந்த ஒழுங்குவிதியிலும் அட்டவணை கிடையாது. 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்படி அனுப்பியது பொலிஸாரின் வேலை, சபையின் வேலை அல்ல என்பது சரியே. ஆனால் இரவில் சாப்பாட்டுக் கடைகளில் இடியப்பப் பார்சலுக்கு வரிசையில் நின்றவர்கள் அந்த விடுதிகளில் தங்கியவர்கள்தான். இரவுச் சந்தைக்கு மின்குமிழுக்கு முன்பே தேவைப்படுவது, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தடவிப் பார்க்காமல் வெளியே இறங்கக்கூடிய சனம்.

இப்போது நடக்கும் சந்தைகளில் காலிமுகத்திடல் முதலில் வைக்கத் தக்கது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த அங்குள்ள நடைபாதையை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் எழுதிவைத்தார். பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கல்லைப் படிக்காமலே மாலைதோறும் வருகிறார்கள். பட்டம், சவர்க்கார முட்டை, உப்புத்தூள் போட்ட மாங்காய், வெரளிக்காய் அச்சாறு, அதற்கு மேல் இறால் வடை. பருப்பு மாவைத் தட்டையாகத் தட்டி, தலையும் மீசையுமாக முழு இறாலை மேலே அழுத்திப் பொரித்து, வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் ஊற்றிக் கொடுக்கப்படும் இப்பண்டத்தைப் பற்றி வெளிநாட்டுப் பயண நூல்கள் எழுதிவிட்டன. அதன் வண்டில்களோ இன்றும் எவரோ ஒரு அதிகாரி முகம் சுளித்தால் நகரவேண்டிய நிலையில் நிற்கின்றன.

இதே திடலில் 2022 ஏப்ரல் 9 முதல் மூன்று மாதத்துக்கு மேல் அரச எதிர்ப்புப் போராட்டக்காரரின் கூடாரக் கிராமம் ஒன்று இயங்கியது. இலவசச் சாப்பாடு, நூலகம், மருத்துவ உதவி, இரவெல்லாம் பாட்டு. நாட்டில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடந்து முடிந்திருந்த நேரம் அது. கேள்விப்பத்திரம் கோராமல், ஆலோசகர் நியமிக்காமல், கொழும்பு இரவில் விழித்திருக்கக் கூடிய நகரம் என்று அங்கே காட்டப்பட்டது. விற்பனைக்கு அதிகமில்லை, அரசாங்கம் ஒன்று மட்டும் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆகவே அதைச் சந்தைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

வெள்ளவத்தைக் கரையோரத்தின் நிருவாகம் தனிப் பாடமாகப் படிக்கத் தக்கது. காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. தண்டவாளமும் அதன் ஓரமும் புகையிரதத் திணைக்களத்துக்கு. அலை தொடும் மணல் கரையோரம் பேணும் திணைக்களத்தின் கண்காணிப்பில். நடைபாதைக் குப்பை மாநகர சபைக்கு, நடைபாதையில் நிற்கும் வண்டில் பொலிஸாருக்கு. மரைன் டிரைவில் ஒருவர் கச்சான் சுருள் ஒன்றை வாங்கி, தண்டவாளத்தைக் கடந்து, பாறையில் இருந்து தின்று முடிப்பதற்குள் நாலைந்து நிறுவனங்களின் ஆட்சிக்கு உட்பட்டுவிடுகிறார். கையில் மிஞ்சும் கடதாசி யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணிதப் பரீட்சைத் தாள். அதைப் போடும் தொட்டி எந்த நிறுவனத்துக்குரியது என்ற வினாவுக்கு அந்தத் தாளிலும் விடை இல்லை.

அதிகாரம் தானே முன்வந்து அமைத்த சந்தைக்கு எடுத்துக்காட்டு புறக்கோட்டை மிதக்கும் சந்தை. புறக்கோட்டை நடைபாதையில் வியாபாரிகள் நெருக்கியடித்து நின்றார்கள். வாங்குவோரும் அங்கேயே நெருக்கியடித்தார்கள். இது ஒழுங்கீனம் என்று கண்டறியப்பட்டது. பெஸ்டியன் மாவத்தைப் பஸ் தரிப்பிடத்துக்கு அருகே பேர வாவியின் மேல் வரிசையாகக் கடைகள் கட்டி, 2014 இல் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் அழகு. வாவியின் மணம் அப்போதும் இப்போதும் பெயர் பெற்றது. வியாபாரி இடம்பெயர்ந்தார், வாங்குபவருக்கு இடமாற்றக் கடிதம் அனுப்பப்படாததால் அவர் பழைய நடைபாதையிலேயே நடந்துகொண்டிருந்தார். நாளடைவில் பல கடைகள் பூட்டப்பட்டன. தொழிற்பாட்டில் குறையில்லை: மிதக்க வேண்டியது இன்றும் மிதக்கிறது.

இதற்கு நேர்மாறானது புதுக்கடை. நீதிமன்றத் தொகுதியின் பக்கத்தில், பகலில் சட்டத்தரணிகளின் கறுப்புக் கோட்டு நிறைந்த அப்துல் ஹமீட் வீதிப் பகுதி, இரவில் கொத்து, முட்டை ரொட்டி, பொரித்த கோழி, பாலூதா, வட்டிலப்பம் என்று மாறிவிடுகிறது. சூடான தகட்டில் இரண்டு இரும்புத் துண்டுகள் ரொட்டியைக் கொத்தும் ஓசைதான் விளம்பரம். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து நடந்தே வந்து சாப்பிட்டுப் போவோர் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை இந்நகருக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது கொத்தும் ஓசை தாளம் தப்பியதாகத் தகவல் இல்லை.

2024 ஏப்ரலில் புதுக்கடை வியாபாரி ஒருவர் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபாய் சொன்னார். பயணி மறுக்க, வியாபாரி கோபப்பட, எல்லாம் காணொளியாகி ஊர் சுற்றியது. பொலிஸார் வியாபாரியைக் கைது செய்தனர். அதிக விலை சொன்னது பிழை, விரட்டியது அதைவிடப் பிழை, இதில் வாதமில்லை. ஆனால் வெளிநாட்டவருக்கு வேறு விலை என்ற எண்ணத்தை அந்த மனிதர் கொத்துத் தகட்டிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. சிகிரியாவில் ஏறும் வெளிநாட்டவர் டொலரில் கொடுக்கிறார். உள்நாட்டவர் அதில் ஒரு துளியை ரூபாயில் கொடுக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சிகிரியாவில் விலை பலகையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் விலையைக் கண்ணில் படும்படி வைக்கத்தான் சொல்கிறது. ஒரு கரும்பலகையும் ஒரு வெண்கட்டியும் கைவிலங்கைவிட மலிவானவை. அவற்றுக்கு ஊடகவியலாளர் வருவதில்லை என்பது மட்டுமே குறை.

யாருக்காக இரவுச் சந்தை என்பது அடுத்து ஆராய வேண்டியது. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தனர். வீழ்ச்சிகளுக்குப் பின் 2024 இல் மீண்டும் 20 இலட்சம் தாண்டியது. இந்தத் தொகைக்குள் ஒரு வகையினர் எவருடைய கண்ணிலும் படுவதில்லை. கனடா, பிரித்தானியா, சுவிஸ் கடவுச்சீட்டோடு கட்டுநாயக்கவில் இறங்கும் புலம்பெயர் தமிழர் புள்ளிவிபரப்படி வெளிநாட்டுப் பயணி. அவர் போகும் இடம் சிகிரியா அல்ல, வெள்ளவத்தை. ஆடி ஆவணியில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா. காலி வீதிப் புடைவைக் கடையில் கூறைச்சேலை எடுத்து, சட்டை தைக்கக் கொடுத்து, செட்டியார் தெருவில் தாலிக்கொடிக்குப் பவுண் விலை விசாரித்து, மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் பெட்டியில் நிறுத்துக் கட்டி, இடை நேரத்தில் பிட்டும் நண்டுக் கறியும் சாப்பிட்டுப் போகிறார். பெட்டி முப்பது கிலோவைத் தாண்டினால் விமான நிலையத்தில் சண்டையும் பிடிக்கிறார். ஒரு சுற்றுலாப் பயணியிடம் எதிர்பார்க்கப்படும் எல்லாவற்றையும் செய்யும் இவருக்காக எந்தத் திட்டமும் வரையப்பட்டதில்லை. பகல் வெயிலில் கடைகடையாக ஏறியிறங்குகிறார்; வெயில் தணிந்து நடக்க ஆசை வரும் எட்டு, எட்டரைக்குப் புடைவைக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கத் தொடங்குகின்றன. விளம்பரப் படங்களில் இவர் இல்லை, தோல் நிறம் உள்ளூர் நிறமாக இருப்பது காரணமாகலாம்.

வெளிநாட்டு முன்மாதிரி இல்லாமல் இலங்கையில் விளக்கக் குறிப்பு நிறைவுறாது. முன்மாதிரி சிங்கப்பூராக இருப்பதும் மரபு. இந்நாட்டைச் சிங்கப்பூர் ஆக்குவதாக மேடைகளில் பல தடவை சொல்லியாயிற்று. சிங்கப்பூர் தன் தெரு வியாபாரிகளை 1960களின் இறுதியில் முதலில் பதிவு செய்தது. பிறகு 1971 தொடக்கம் 1986 வரை, பதினைந்து ஆண்டுகளில், தண்ணீர்க் குழாயும் கழிவு வாய்க்காலும் உள்ள உணவு நிலையங்களுக்கு அவர்களை மாற்றியது. அந்த நிலையங்கள் குடியிருப்புகளுக்கும் சந்தைகளுக்கும் நடுவில் கட்டப்பட்டன. வாங்குபவர் ஏற்கெனவே நடக்கும் வழியில். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த உணவுக் கலாசாரத்தை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொழும்பில் இதே முறையின் முதல் பாதி, அதாவது வியாபாரியை அகற்றுவது, நன்கு கற்கப்பட்டுள்ளது. மறுபாதிக்குக் குழாய் தேவைப்படுகிறது.

பராமரிப்புப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சந்தை நடக்கும் இடத்தில் சுத்தமான தண்ணீர், எண்ணெயும் எச்சிலும் ஓட வாய்க்கால், பெண்கள் பயமின்றிப் போய்வரக்கூடிய மலசலகூடம், ஒவ்வொரு வண்டிலுக்கும் எண்ணிட்ட அனுமதிப்பத்திரம், மும்மொழியில் விலைப்பலகை, அள்ளப்படும் குப்பைத்தொட்டி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பகல் பதினொரு மணிக்கு வந்தால் அப்பம் இருக்காது. இரவு எட்டரைக்கு வரவேண்டும், அந்த நேரத்துக்கான படியைச் சபை கொடுக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்ற வியாபாரியைக் கிழமைக்கொரு முறை யாரும் கலைக்கக் கூடாது. ஆண்டில் ஓரிரண்டு வார இறுதிகளில், குறிப்பாக ஆடிவேல் காலத்தில், வெள்ளவத்தைக் காலி வீதியின் ஒரு துண்டில் மாலைக்குப் பின் வாகனங்களை மரைன் டிரைவால் திருப்பிவிட்டால், கரும்பு விற்பவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பத் தேவையிராது.

இப்படிக்கு,
நடைபாதைப் பாவனையாளர்

பிரதிகள்:
இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை – தகவலுக்காக
நகர அபிவிருத்தி அதிகார சபை – தகவலுக்காக. கட்டடம் எதுவும் எழுப்பாமலிருக்கும்படி கேட்டு
வீதி அபிவிருத்தி அதிகார சபை, புகையிரதத் திணைக்களம், கரையோரம் பேணும் திணைக்களம் – குப்பைத்தொட்டி யாருடையது என்று தமக்குள் தீர்மானிப்பதற்காக
இறால் வடை வண்டில்கள், காலிமுகத்திடல் – நடவடிக்கைக்காக