பச்சைக்கோடு: தட்டைத்திரை டிவியின் நோயறிதல் குறித்த ஓர் ஆய்வு

தட்டை டிவியில் தோன்றும் கோடு, கட்டம், கறை, இருட்டு ஆகியவற்றுக்கு முறையான இலக்கண நூல் எதுவும் இக்கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் கோடுதான். அக்குறையைப் போக்கும் பொருட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

களம், சென்னை பெரம்பூரில் ஒரு வீட்டின் ஹால். ஆய்வுப்பொருள், 43 அங்குல எல்.இ.டி. டிவி ஒன்று. காலம், ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் தொடங்கி மெக்கானிக் வந்துபோன நாள் வரை. (பூஜைக்கு முந்தின நாள் டிவி துடைக்கப்பட்டு, சந்தனம் குங்குமம் வைக்கப்பட்டது. இத்தகவல் ஆய்வுக்குத் தேவையற்றது.) கோடு திரையின் இடப்பக்கத்தில், மேலிருந்து கீழாக, நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. நிறம் பச்சை. கிரிக்கெட் ஓடும்போது புல்லோடு புல்லாகக் கலந்துவிடும். சீரியல் ஓடும்போது மாமியாரின் மூக்கைச் சரிபாதியாகப் பிளக்கும். ஆகவே இது நோயா இல்லையா என்பதிலேயே வீட்டில் கருத்து ஒற்றுமை இல்லை.

நோய்க் காரணம் பற்றி முன்னோர் கூற்றுகள் நான்கு. அம்மா ‘அணைத்துப் போடு’ மரபைச் சேர்ந்தவர். எதையும் பத்து நிமிஷம் அணைத்துப் போட்டால் சரியாகும் என்பது அவர் துணிபு. மிக்ஸியிலும் மருமகளிடமும் அவர் அதையே முயன்றிருக்கிறார். மனைவி பாக்ஸ்வாதி. “எல்லாம் அந்த கேபிள்காரன் குடுத்த பாக்ஸாலதாங்க” என்பார். மாதச் சந்தா ஏறியதிலிருந்து அவருக்கு இக்கொள்கை வலுப்பட்டது. மகள், “ஃபோன்ல பாத்தா கோடே இல்லப்பா” என்று டிவி என்ற பொருளின் இருப்பையே மறுத்தாள். மச்சான் தட்டல் மரபினர்.

தட்டல் மரபை எளிதில் தள்ளிவிட முடியாது. பிக்சர் டியூப் காலத்து டிவிக்கு முதுகு இருந்தது. உள்ளே ஈயப்பற்று விட்டுப்போன இடங்கள் இருந்தன. மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்பார்கள். ஓங்கி ஒன்று வைத்தால் விட்டது ஒட்டிக்கொண்டு படம் வரும். அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதற்கு அறிவியல் சான்று வேண்டுவோர் இதைக் கொள்க. 2006-ல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ண டிவிதான் பல வீடுகளில் அடி தாங்கிய கடைசித் தலைமுறை. தட்டை டிவிக்கு முதுகில்லை. தட்டினால் திரைதான் போகும். மச்சானிடம் இதைச் சொன்னபோது, “லேசாத்தானே தட்டப்போறேன் மாமா” என்றார்.

நான்கையும் ஒப்புநோக்கினால் ஒன்று புலப்படும். எவரும் டிவியைச் சோதித்து நோயைச் சொல்லவில்லை. யார்மேல் ஏற்கெனவே கோபமோ அவர்மேல் நோயைப் போட்டார்கள். நடுநிலை தவறாதவர் அந்த ஹாலில் ஆய்வாளர் ஒருவரே.

சித்த மருத்துவம் நோயறிய எட்டு வகைச் சோதனைகளை விதிக்கிறது. அவற்றுள் கடைசி இரண்டும் டிவிக்குப் பொருந்தா. மற்றவற்றில் தலையாயது நாடி. டிவிக்கு நாடி ரிமோட்டின் மெனு பட்டன். அமுக்கியதும் பட்டியல் ஒன்று திரையில் விரியும். அது பாக்ஸிலிருந்து வருவதன்று, கேபிள் வழி வருவதும் அன்று. டிவி தன் போர்டிலேயே வரைந்து காட்டுவது. பட்டியல் சுத்தமாக இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் கெட்டிருந்தால் குற்றம் பாக்ஸிலோ, ஒயரிலோ, மொட்டைமாடியிலோ இருக்கிறது. பட்டியலின்மேலும் கோடு ஓடினால் நோய் டிவியின் உடம்பில். இதற்கு ஐந்து நொடி ஆகும். எங்கள் வீட்டில் ஐந்து நாள் ஆயிற்று, ரிமோட் சோபாவின் இடுக்கிலிருந்து கிடைக்க. கோடு ‘பிரைட்னெஸ்’ என்ற சொல்லை ஊடறுத்துச் சென்றது. பாக்ஸ்வாதம் அன்றே வீழ்ந்தது. சந்தா மட்டும் இறங்கவில்லை.

பிற நோய்களைச் சுருங்கக் காண்போம். படம் சதுரம் சதுரமாக உடைவது மழைக்கால நோய், குடை டிஷ் வைத்தவர்களுக்கு வருவது. அதற்குச் செயற்கைக்கோளிலிருந்து வரும் கேயு அலை இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். அடைமழையின் துளிகள் அதைப் பாதி விழுங்கிப் பாதி சிதறடித்துவிடும். வந்துசேராத பகுதிகள் கட்டங்களாக உறைகின்றன. சென்னையில் கனமழை என்று செய்தி வாசிப்பவர் சொல்லும்போதே அவர் தாடை கழன்று காதுப்பக்கம் போவதைவிட நம்பகமான வானிலை அறிக்கை வேறில்லை. இரண்டாவது, அகல நோய். 4:3 அளவில் எடுத்த பழைய படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தால் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடுவார்கள். நாகேஷ் எப்போது உடம்பு வைத்தார் என்று அம்மா கேட்டது இதனால்தான். செட்டிங்கில் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது, பாதி டிவிக்கா காசு கொடுத்தோம் என்று சண்டை வந்து, நாகேஷ் மறுபடி குண்டானார்.

இருட்டு நோய்க்குச் சோதனை அழகானது. சத்தம் வருகிறது, படம் இல்லை. அறை விளக்கை அணைத்து, ஃபோன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தால், ஆற்றுக்கடியில் கிடக்கும் காசுபோல் படம் மங்கலாகத் தெரியும். தெரிந்தால் பேனல் உயிரோடிருக்கிறது, பின்னாலுள்ள விளக்குப் பட்டைதான் போயிற்று. திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைகிறதே, அதே கதை. சீரியலுக்கும் டிவிக்குமுள்ள தொன்மையான தொடர்பை விரிப்பின் பெருகும்.

இனிப் பச்சைக்கோடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்பட்டது. கோடு கோடாக இல்லை. ஒன்றின்கீழ் ஒன்றாகப் பச்சை அரிசிமணிகள், அசையாமல், அணையாமல். பக்கத்துச் சிவப்பும் நீலமும் கதைக்கேற்ப மின்னி மின்னி மாறிக்கொண்டிருந்தன. முழு எச்.டி. திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஜன்னல்; ஆகக் குறுக்கே 5760 ஜன்னல் வரிசைகள். பின்னால் விளக்கு எப்போதும் எரிகிறது. ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும் திரவப் படிகம். எங்கள் டிவியில் 5759 வரிசைகள் ஒழுங்காக வேலை செய்தன. ஒன்று, 1080 ஜன்னல்களையும் திறந்துபோட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. வீட்டார் கண்ணில் பட்டது அந்த ஒன்றுதான். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

திரவப் படிகத்தின் பூர்வீகம் காரட். 1888-ல் பிராகில் இருந்த தாவரவியலாளர் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர், காரட்டிலிருந்து கிடைத்த கொலஸ்டிராலின் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. இடைப்பட்ட நேரத்தில் திடமுமில்லை, திரவமுமில்லை, திரிசங்கு. அந்தத் திரிசங்கின் வாரிசுகள்தான் இன்று நம் ஹாலில் மாமியார்களுக்கு முகம் தருகின்றன. காரட் கண்ணுக்கு நல்லது என்று அம்மா சொல்வதை இனி வேறு கோணத்திலும் ஆராயலாம்.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வந்தார். டிவியை மெத்தைமேல் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றியதும் ஒரு பல்லி கிடைத்தது; காய்ந்து, காகிதம் போல. வீடே திரும்பிப் பார்த்தது. பல்லி விழும் பலனில் தலைக்கு உண்டு, தோளுக்கு உண்டு. திரைக்குச் செய்தி அனுப்பும் டி-கான் போர்டுக்கு இல்லை. “இது போன வருஷத்துது சார், பாவம்” என்று அதை ஓரமாக வைத்தார். நிரபராதி.

பிறகு டிவியை நிமிர்த்தி, ஓடவிட்டு, கோடு இறங்கி முடியும் இடத்தில் கீழ்ச்சட்டத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். கோடு மங்கியது, மறைந்தது. விரலை எடுத்ததும் வந்து நின்றது. “டேப் விட்டுருச்சு சார்” என்றார். போர்டிலிருந்து கண்ணாடிக்குச் செய்தி கொண்டுபோகும் மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் அந்த விளிம்பில்தான் ஒட்டியிருக்கின்றன. அந்த ஒட்டு விட்டால் கோடு. டி-கான் போர்டை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்கப்பட்டது. “ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய போர்டு கிடைக்கும் சார். போட்டாலும் கோடு அங்கயேதான் நிக்கும். பேனல் மாத்தினா புது டிவி காசு கிட்ட வந்துரும்.” மச்சான் இதை ஏற்காமல், கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை மடித்து அந்த இடத்தில் செருகினார். கோடு மூன்றாயிற்று. உருவியதும் பழையபடி ஒன்று.

இதற்குள் மெக்கானிக் கீழ்ச்சட்டத்தின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளிர் மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். சந்தனம். ஈரத்துணியைப் பிழியாமல் மேலே துடைத்தால் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து கீழே இறங்கி, நேரே நாடாவுக்குத்தான் போகும் என்று விளக்கினார். பிறகு எல்லாரையும் பார்த்து, “பூஜைக்கு டிவிய யாரு தொடச்சது?” என்றார்.

அம்மா, மனைவி, மகள், மச்சான் ஆகிய நான்கு மரபினரும் முதன்முறையாக ஒரே திசையில் பார்த்தார்கள்.

டிவி துடைக்கப்பட்டது என்று முன்னரே பதிவு செய்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக அதைத் துடைப்பது நான்தான்.