கருப்புப் பனியன் பேரனுக்கு

ஏன் அப்புனு, மண்டையோட்டுப் பனியனப் போட்டுக்கிட்டு உங்கம்மாகிட்ட என்னமோ சொன்னியாமா? கச்சேரிப் பாட்டெல்லாம் தூக்க மாத்திரை, உன்ற மெட்டலுதான் ரத்தத்தச் சூடாக்குதுன்னு? நல்லது சாமி. அப்புச்சிக்குக் காதுதான் மந்தம், போன்ல நெட்டு நல்லாத்தான் கெடைக்குது.

உங்க மெட்டலுக்கு மூலவர் பிளாக் சப்பாத். பர்மிங்காம்காரங்க. நம்ம கோயமுத்தூராட்டமே லேத்தும் பவுண்டரியுமா பொழச்ச ஊரு. அந்தக் கூட்டத்துல கிட்டார் வாசிச்ச டோனி அயோமிக்கு 17 வயசுல, தகடு வெட்டற பட்டறையில வலது கை ரண்டு வெரலோட நுனி மிசினுக்குள்ள போயிருச்சு. ஆளு இடதுகைக்காரரு, அதனால தந்தி அமுக்கற வெரலே போச்சு. கணபதிப் பக்கம் பிரஸ்ஸுல வெரலக் குடுத்தவங்க பொட்டிக்கடை வெச்சாங்க. இந்த மனுசன் பிளாஸ்டிக் பாட்டில உருக்கி வெரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டுனாரு. பொறவு தந்தியையும் தளத்தி வெச்சாரு. அந்தத் தளந்த தந்தியோட கனந்தான் இன்னிக்கு உன்ற ரூமுச் சன்னல ஆட்டுது.

1970ல வந்த அவுங்க மொத ஆல்பத்துல மொதப் பாட்டு எப்புடி வந்துச்சாம்? ஹோல்ஸ்ட்டுன்னு ஒரு இங்கிலீசுக்காரரு செவ்வாய் கெரகத்துக்கு ஆர்கெஸ்ட்ரா இசை எழுதி வெச்சிருந்தாரு. கூட்டத்துல இன்னொருத்தரு கீசர் பட்லர் அத வாசிச்சுப் பாத்துட்டிருக்க, அயோமி அதுலருந்து புடிச்சுக்கிட்டாரு. செவ்வாய் தோசம்னா இங்க சம்பந்தமே நின்னு போவும். அங்க ஒரு சங்கீதமே பொறந்திருக்குது பாரு. அந்தப் பாட்டுல பயங்காட்டற சுரம் எதுன்னு நெனச்ச? சட்ஜத்துக்கு எதிர்ல நிக்கற பிரதி மத்தியமம். அவுங்கூருல அதுக்குப் பேய்ச் சுரம்னே பேரு. நம்ம கல்யாணி ராகத்துல இருக்கறதும் அதே மத்தியமந்தான். உங்கம்மா கல்யாணத்துல நாயனக்காரரு அத வளைச்சு வளைச்சு வாசிச்சாரு. ஒரு பேயும் வரல, உங்கொப்பன்தான் வந்தான்.

அயோமி இடதுகைன்னதும் நம்ம பழனி சுப்பிரமணிய பிள்ளை நெனப்பு வருது. மிருதங்கத்த இடதுகையில வாசிச்சவரு. அவருக்காவ மேடையில உக்கார்ற எடத்தையே மாத்தோணும்னு மத்தவங்க தயங்குனாங்க. செம்பை வைத்தியநாத பாகவதருதான் வுடாம கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வெச்சாரு. பிள்ளைவாள் மேல மண்டையோடு எதும் இருந்ததா நான் கேள்விப்படல.

சுவீடன்ல மெஷுகான்னு ஒரு கூட்டம். நாலு நாலாப் போற தாளத்து மேல அஞ்சும் ஏழுமா அடுக்கறாங்கன்னு வாயப் பொளந்து கேக்கறயே, ஆதி தாளத்துல அஞ்சஞ்சாக் கண்ட நடை போடற தவுல்காரரு உன்ற கண்ணுக்கே தெரியலயா? கணக்கு மிஞ்சுனா சுவீடன்காரங்க வால வெட்டிப்போட்டு மறுக்கா மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க. தவுல்காரரு மிச்சம் மீதியையும் கோர்வைக்குள்ள அடக்கிச் சமத்துல கொண்டாந்து எறக்குவாரு. எனக்கென்னமோ இவரு கைதான் ஒசத்தி. அதுக்காவ, எல்லாம் நம்மகிட்டருந்து போனதுன்னு வாட்ஸாப்புல அடிச்சு வுடற உங்க பெரியப்பனோட சேந்துக்காத. அவுங்க கணக்கு அவுங்களே போட்டது.

மாரியம்மன் நோம்பிக்குத் தவுல் வருது. வெத்தல பாக்கு வாங்கிட்டுப் போயி அவருகிட்ட நாலு சொற்கட்டுக் கத்துக்க. ஆனா ஒண்ணு, அவரு தீர்மானம் வெக்கறப்ப உங்க கச்சேரியில ஆட்டறாப்புல முடிய விரிச்சுப்போட்டுத் தலைய ஆட்டிப்போடாத. அருள் வந்துருச்சுன்னு வேப்பலையக் கையில குடுத்து, இந்த வருசம் மழை எப்பன்னு கேட்டுருவாங்க.