ஹெரால்டு அண்ணாச்சி

விருதுநகர்ச் சந்தையில் ரேட் இல்லாத சரக்கு கிடையாது. உளுந்து, பாசிப்பயறு, வத்தல், நல்லெண்ணெய், கடலைப் பிண்ணாக்கு என்று எல்லாவற்றின் விலையும் பேப்பரில் வந்துவிடும். நாளைய பேப்பரில் வரப்போகும் விலையை இன்றைக்கே சொல்லக்கூடியவர் நம் அண்ணாச்சி. அப்பேர்ப்பட்ட வியாபாரியைக் கவிழ்த்தது ஒரு கதவு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் த்ரீ, பின் கதவு, வலது பக்கம். அதற்கு எந்தச் சந்தையிலும் ரேட் கிடையாது. விற்கிறவன் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து என்ன சொல்கிறானோ அதுதான் ரேட். முகமோ எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும்.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஊருக்கு ஒருவர் தேறுவார். ஒருவரிடம் மாரிஸ் மைனர் இருக்கும், இன்னொருவரிடம் மார்க் ஒன் அம்பாசடர். ஆனால் ஆள் ஒரே வார்ப்புதான். வெள்ளை வேட்டியில் கிரீஸ் கறை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பார்க் பிளக். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன், "பின்னால ஷெட்டுல தாத்தா காலத்து வண்டி ஏதும் கிடக்கா?" என்று கேட்டு வைப்பவர்.

ஹெரால்டு 1961-ல் இங்கே வந்தது. மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர் வடிவமைத்த இங்கிலாந்து வண்டி. நம்மூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னைக்குப் பக்கத்தில் செய்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம்மவர்கள், குடும்பம் பெரிசு என்று நினைத்தார்களோ என்னவோ, 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவாக்கிவிட்டார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது. இன்ஜின் சாமான் வேண்டுமென்றால் இங்கிலாந்தில் இன்றைக்கும் ஆள் இருக்கிறது. பின் கதவு கேட்டால் வெள்ளைக்காரன் முழிக்கிறான்.

"காமராசர் ஐயா போன செவர்லே, எம்.டி.டி. 2727, அதுக்குக்கூட சாமான் தேடிரலாம் தம்பி. அமெரிக்காக்காரன் பழைய செவர்லேக்கு இப்பவும் புதுசா அடிக்கான். நம்ம மெட்ராஸ்ல செஞ்ச வண்டிக்குத்தான் நாதி இல்ல" என்பார் அண்ணாச்சி. நம் நாட்டில் செய்த காரை மீட்பதைவிட வெளிநாட்டுக் காரை மீட்பது சுலபம் என்பது உண்மைதான், வேடிக்கையான உண்மை.

ஆனால் சிவகாசிக்காரரை மச்சினராக வைத்திருப்பவர் அவ்வளவு லேசில் விடுவாரா? ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஏஜெண்டுகள் நாலா திசையும் ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். மச்சினரின் அச்சகத்து ஆட்கள் பையில் மட்டும் அண்ணாச்சியின் சீட்டு ஒன்று இருக்கும். சென்னைக்குப் போகிறவர் புதுப்பேட்டை, கோவைக்குப் போகிறவர் உக்கடம், கல்கத்தாவுக்குப் போகிறவர் மல்லிக் பஜார். கல்கத்தாக் காயலான் கடைச் சுவரில் சந்திராஷ்டமம் போட்ட தமிழ்த் தினசரிக் காலண்டர் தொங்கினால் காரணம் இதுதான். கேஸ்கட்டா? அதற்கு வெளியூர் வேண்டாம். பட்டாசுப் பெட்டி வெட்டும் டை பஞ்சிங் பட்டறையில் தக்கை ஷீட்டைக் கொடுத்தால் அச்சு அசலாக வெட்டித் தருவார்கள். ஒன்று கேட்டால் ஒரு குரோஸ் வெட்டிவிடுவார்கள், அது அந்த ஊர்ப் பழக்கம்.

இன்ஜின் வேலை மச்சினரின் ஷெட்டில் நடந்தது. கரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் வரை வருகிறது, பிளக்குக்கு வரவில்லை. மெக்கானிக் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்தார், கண்டன்சரை மாற்றினார், பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னார். நீல நிறத்தில் படக்கென்று ஒரு துள்ளல். அண்ணாச்சி ஆனந்தம் தாங்காமல், "பொறி வருது! பொறி வருது!" என்று கத்தினார். பக்கத்துக் காம்பவுண்டில் பட்டாசுப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் லாரியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். பொறி வரக் கூடாதே என்று ஊரே சாமி கும்பிடும் சிவகாசியில், வர வேண்டுமென்று நேர்ந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். மறுநாளே மச்சினர் வண்டியைக் கயிறு கட்டி விருதுநகருக்கு அனுப்பிவைத்தார்.

மதினிக்குத்தான் ஆற்றாமை. "கடையில அரைக்கிலோ வத்தலுக்கு ஒத்த ரூவா குறைக்காத மனுசன், துருப்பிடிச்ச தகரத்துக்குக் கேட்டதைக் குடுத்துட்டு வாராரு." அண்ணாச்சி பதில் பேசமாட்டார். "வார தீவாளிக்கு வண்டி ஓடிரும்" என்பார். எந்தத் தீபாவளி என்று கேட்கிறவர் கிடையாது.

2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது கடந்த, அசல் மாறாத வண்டியை ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000. ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே ரோட்டில் எடுக்கலாம். அண்ணாச்சிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. பழுது பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் அவர் அந்த வண்டியை எடுத்தது கிடையாது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ மாட்டுத் தொழுவத்திலோ நான்கு கதவு ஹெரால்டின் பின் கதவு கிடந்தால், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். விருதுநகர் தெப்பக்குளம் பஜாரில் வந்து ஹெரால்டு அண்ணாச்சி என்று கேளுங்கள், யாரும் கடையைக் காட்டுவார்கள். வலது பக்கக் கதவு மட்டும் கொண்டு வாருங்கள். இடது பக்கம் அவரிடம் மூன்று இருக்கிறது.