லாக் கோப்புச் சுழற்சி விசாரம்: கம்பம் பள்ளத்தாக்குப் பிரமாணங்களுடன்

உலகத்தில் ஆராயத்தக்க விஷயங்கள் எத்தனையோ இருக்க, ஒரு மென்பொருள் தன் அன்றாட நடவடிக்கைகளைத் தானே எழுதிக்கொள்ளும் லாக் கோப்பு எப்போது மூடப்பட்டு, எந்தப் பெயரால் ஒதுக்கப்பட்டு, எந்நாளில் அழிக்கப்படவேண்டும் என்ற கேள்வியைப் பண்டிதர்கள் இதுகாறும் தீண்டாது விட்டது வியப்புக்குரியது. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையொன்றின் ரசீது மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். லாட் எண், எடை, விலை, எவர் எப்போது எதைத் திருத்தினார் என்பன யாவும் அதன் லாக்கில் விழுகின்றன. கூடவே, மேஜைக்கடியில் பிளக் கழன்று கிடக்கும் பிரிண்டரைத் தேடி, "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்ற வாக்கியமும் விநாடிக்கு ஒருமுறை தவறாது விழுகிறது.

இவ்வாறு கோப்பை மூடி, ஒதுக்கி, அழிக்கும் சுழற்சியில் இரு மதங்கள் உள. முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் இருக்குமாயின் ஜூன் முதல் தேதியன்று பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்கு மதகு திறப்பதுபோல், நாள் பார்த்துக் கோப்பை மாற்றுவோர் காலவாதிகள். 71 அடி உயர வைகை அணையில் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடிக்கு இரண்டாவதும், 69 அடிக்கு மூன்றாவதும் விடுத்து உபரி நீரை வெளியேற்றுவதுபோல், மட்டம் பார்த்து மாற்றுவோர் அளவுவாதிகள். லினக்ஸில் லாக்ரொட்டேட் என்னும் கருவி இரு மதத்தாருக்கும் இடம் தருகிறது. ஆயினும் அது கோப்பின் பெயரை மாற்றிவிட்ட பின்பும், மென்பொருள் தான் முன்பே திறந்து பிடித்த பழைய கோப்பிலேயே சிரத்தையாக எழுதிக்கொண்டிருக்கும் ஆதலால், புதியதைத் திறக்கும்படி அதற்குத் தனியே சமிக்ஞை அனுப்பவேண்டும் என்பதைப் பலரும் டிஸ்க் நிரம்பிய பின்னரே அறிகின்றனர்.

இச்சாஸ்திரத்தின் பரம ரகசியம் பூஜ்யத்தைப் பற்றியது. பைத்தான் மொழியில் சுழற்சியைச் செய்யும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லருக்குக் கோப்பின் உச்ச அளவு, வைத்துக்கொள்ளும் பழைய பிரதிகளின் எண்ணிக்கை என இரண்டு எண்கள் தரவேண்டும். பழையது ஒன்றும் வேண்டாம் என்ற வைராக்கியத்துடன் இரண்டாவதற்குப் பூஜ்யம் இட்டவனுக்குச் சுழற்சியே நடவாது. ஒரே கோப்பு ஓயாது வளரும். சர்வ சங்க பரித்தியாகம் செய்தவன் சர்வத்தையும் சுமப்பது வேதாந்தத்தில் இல்லாத விசித்திரம்.

பழையதை எத்தனை காலம் வைப்பது என்னும் கேள்வியை நம் சர்க்கார் கச்சேரிகள் கணினிக்கு முன்பே தீர்த்துவைத்தன. 1996-இல் மதுரையினின்று பிரிந்த தேனி ஜில்லாவிலும், ஒரு கோப்பு முடியும் தருவாயிலேயே ஓ.மு., மூ.மு., ப.மு. என்று குறியிட்டு, ஓராண்டா, மூன்றாண்டா, பத்தாண்டா என அதன் ஆயுளை நிர்ணயித்துவிடும் சம்பிரதாயம் உண்டு. அளவும் தேதியும் மாத்திரம் அறிந்த நம் கருவிகளுக்கு எழுதப்பட்டது இன்னதென்ற விவேகம் கிடையாது. குமாஸ்தாவுக்கு அது இருந்தது.

கருவிகளின் அந்த விவேகமின்மையின் விளைவைக் கணக்கிட்டே காணலாம். 10 எம்.பி. வீதம் பழைய பிரதி ஐந்தும் நடப்புக் கோப்பு ஒன்றும் ஆக 60 எம்.பி. ஒதுக்குகிறோம். நூறு பைட் நீளமுள்ள பிரிண்டர் புலம்பல் நாளொன்றுக்கு 86,400 வரிகள், அதாவது சுமார் 8.6 எம்.பி. ஆகும். ஆகவே ஏழே நாளில் அறுபதும் நிரம்பி, போன மாதம் ஒரு லாட்டின் விலையைத் திருத்தியவர் யார் என்று முதலாளி கேட்கும்போது காட்டுவதற்குப் பிரிண்டரின் துக்கம் ஒன்றே மிஞ்சும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவோ, நிறுவனங்கள் 180 நாள் லாக்கைப் பத்திரப்படுத்தவேண்டும் என்கிறது.

ஆதலால் நாம் ஸ்தாபிக்கும் சித்தாந்தம் இது: திருத்தங்களை எழுதும் லாக்கைத் தனியே பிரித்து 180 நாளுக்குக் குறையாது காக்க, புலம்பல்களைத் தனிக் கோப்பிலிட்டு அளவு பார்த்துக் கழிக்க, பூஜ்யத்தை விலக்குக. இவையனைத்துக்கும் முன்னதாக, எவரேனும் குனிந்து அந்தப் பிளக்கை மாட்டுக.